வடகடலுக்கும் கூட வந்த கங்கையம்மன்

கடலைக் கண்டால் எனக்குக் கை கால் நடுங்கும். மீனவக் குப்பத்தில் பிறந்தவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள், கேட்காதவர்கள் யாரும் இல்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் நம் கங்கையம்மன் எங்கோ கண்காணாத தேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வேறொரு கடலின் நடுவில் நிற்க வைத்து, என்னோடு சேர்த்து ஏழு பேரைக் கரை சேர்த்தாள். கும்பாபிஷேக மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கோயில் நிர்வாகிகள் கேட்டபோது, இதை விட்டு வேறு எதை எழுதுவது என்று தோன்றியது.

என் பெயர் கங்காதேவி. அவள் பெயர்தான். அப்பா ஏழுமலை, நம் குப்பத்தில் ஃபைபர் படகு ஓட்டுகிறார். அம்மா அஞ்சலை, கரையில் ஏலம் எடுத்து மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றவள். விற்றவள் என்றுதான் எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ரொம்ப வருஷம் அம்மா கடற்கரைப் பக்கம் காலே வைக்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரை வெளியூர் அன்பர்களும் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அம்மாவும் அம்மாவின் தங்கை சின்னம்மாவும் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தோம். திடீரென்று கடல் உள்வாங்கியது. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்காத பாறைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஜனங்கள் ஆச்சரியப்பட்டு உள்ளே இறங்கிப் போனார்கள். சின்னம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தூரத்தில் நின்று கையை ஆட்டி, "யக்கா, இங்க வந்து பாரேன், தரையெல்லாம் தெரியுது!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மாவுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. சின்னம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கையைக்கூடப் பிடிக்கவில்லை, சடையைத்தான் பிடித்தாள். நாங்கள் ரோட்டுக்கு மேலே இருந்த சவுக்குத் தோப்பில் ஏறியபோது பின்னாலேயே தண்ணீர் வந்தது. நாங்கள் பிழைத்தோம். சின்னம்மா வரவில்லை. அம்மன் கோயில் மதில் விழுந்து, கர்ப்பக்கிரகத்துக்குள் மணல் ரொம்பி, அம்மனே இடுப்புவரை புதைந்து கிடந்தாள்.

அம்மா அன்றோடு சாமியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "அவ கோயிலையே அவளால காப்பாத்த முடியல, என் தங்கச்சிய எங்க காப்பாத்தப் போறா?" என்பாள். மீன் கூடையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். எனக்கு அலைச் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. செங்கல்பட்டில் இருந்த பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், எனக்கு அது போதும் என்று இருந்தது. அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜுக்குப் போய் சிவில் இன்ஜினியரிங் படித்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தாலும் ரோட்டோரத்து வீட்டோடு சரி, கரைக்கு இறங்க மாட்டேன்.

நான் சாமி கும்பிடுவதை விடவில்லை. ஆனால் கும்பிடுகிற விதம் மாறிப்போனது. முன்பு நல்லது கொடு தாயே என்பேன். பிறகு சண்டைதான் போட்டேன். ஏன் இப்படிச் செய்தாய், நீ எங்கே போயிருந்தாய் என்று. அவளும் பதில் சொல்லவில்லை, நானும் விடவில்லை.

2007இல் இரண்டாம் வருஷம் முடிகிற சமயம். எங்கள் காலேஜுக்கும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்றம் உண்டு. ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம், செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடற்கரைப் பாதுகாப்பு என்பது பாடம். சுனாமி வந்த ஊர்ப் பெண், நன்றாகப் படிக்கிறாள் என்று என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கூடவே என் வகுப்பில் படித்த பிரகாஷையும். அவன் அணு ஆராய்ச்சி நிலையத்து நகரியத்தில் வளர்ந்தவன், அவன் அப்பா அங்கே விஞ்ஞானி. முட்டை நாற்றம் கூட ஆகாது, ஆனால் வாய் மட்டும் ரொம்ப நீளம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் குப்பத்திலிருந்து விமானம் ஏறுகிற முதல் ஆள் நான்தான். கடல் பற்றிய படிப்பு என்றாலும் எல்லாம் வகுப்பறையில், கம்ப்யூட்டரில் நடக்கும் என்று நினைத்தேன். கடலில் இறங்கச் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று அம்மா ஒரு மஞ்சள் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டினாள். கோயிலில் வைத்து எடுத்த கயிறு என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

"கோயிலுக்குப் போனியாம்மா?"

"போனேன். கயிறு குடுன்னு பூசாரியாண்ட வாங்கியாந்தேன். அவகூட நான் பேசல. பேசவும் மாட்டேன். உனக்கு இன்னா வேணுமோ நீயே அவகூட பேசிக்கோ."

செப்டம்பரில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வடகடல் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். கடலுக்கும் ஊருக்கும் நடுவே நீளமாக ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். நம் ஏரிக்கரை மாதிரிதான், இன்னும் உயரம், மேலெல்லாம் புல். அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் விடுதி. கரை மறைத்துக்கொண்டதால் கடல் தெரியாது. அப்பாடா என்று இருந்தது.

மூன்றாவது நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது. எங்கள் பேராசிரியை இங்கிரிட் அம்மையார் எல்லோரையும் கரைமேல் கூட்டிக்கொண்டு போனார். மேலே ஏறிப் பார்த்தேன். கடலைக் காணோம்.

நம் கடல் அப்படி இல்லை. ஏற்றம் இறக்கம் என்றாலும் நாலடி முன்னே வரும், நாலடி பின்னே போகும். அங்கே அப்படியில்லை. தினம் இரண்டு முறை கடல் மைல் கணக்கில் உள்ளே போய்விடும். அடித்தரை முழுக்க வெறும் சேறாகக் கிடக்கும். பிறகு திரும்பி வரும். அந்த ஊரில் அது சூரியன் உதிப்பது மாதிரி சாதாரணம். வண்டல் மண்ணில் வெறுங்காலோடு நடப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அது ஒன்றும் தெரியாது. நான் பார்த்ததெல்லாம், உள்வாங்கிப் போன கடல். அதன் தரையில் சிரித்துக்கொண்டு நடக்கும் ஜனங்கள். ஒரு அம்மா குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"கடல் உள்வாங்கிடுச்சு! ஓடு! ஓடு!" என்று கத்தினேன். இங்கிலீஷ் எல்லாம் வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்ற இங்கிரிட் அம்மையாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையின் விடுதிப் பக்கம் இறங்கி ஓடினேன். பாவம், வயதான அம்மாள். பயந்து என்னோடு ஓடியே வந்துவிட்டார். ஆடுகள் வேறு மிரண்டு ஓடின. நாங்கள் ஓடியதைப் பார்த்து எங்கள் வகுப்பில் பாதிப் பேர் என்னவென்றே தெரியாமல் பின்னால் ஓடி வந்தார்கள்.

பிரகாஷ்தான் வந்து நிறுத்தினான். "கங்கா! ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது டைடு. இங்க தினமும் இப்படித்தான்."

விஷயம் புரிந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு நடந்தது என்னவென்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஹான்னா என்று ஒரு ஜெர்மன் பெண், என் பக்கத்து அறைக்காரி, நான் கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று பிரகாஷிடம் கேட்டாள். அவன் சொல்லிக் கொடுத்தான். அன்றிலிருந்து எல்லோர் வாயிலும் அந்த வார்த்தைதான். பஸ் வந்தால் "ஓடு!" சாப்பாட்டு மணி அடித்தால் "ஓடு!" வகுப்புக்கு நேரமானால் "கங்கா, ஓடு!" ஜெர்மன்காரர்கள், போலந்துக்காரன் ஒருவன், ஜப்பான்காரி ஒருத்தி, எல்லோருக்கும் ஒரு தமிழ் வார்த்தையாவது நன்றாகத் தெரிந்துபோனது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையில் அம்மன் படத்தை ஜன்னலில் வைத்துக் குங்குமம் இட்டு ஒரு கட்டி சூடம் ஏற்றினேன். நம் வீட்டில் செய்வதுதானே. அந்த விடுதிக் கூரையில் புகை பட்டால் அலறும் மணி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? கட்டிடம் முழுக்க மணி அலறி, அத்தனை பேரும் குளிரில் செருப்பும் போடாமல் வாசலில் வந்து நின்றார்கள். வெளியே வந்த ஹான்னா என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல், "ஓடு?" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அக்டோபரில் அந்தச் சேற்றுவெளியில் இறங்கி மண் மாதிரி எடுக்கும் களப்பணி. பருவத்தின் முக்கியப் பாடமே அதுதான். அதைச் செய்யாவிட்டால் பருவம் கணக்கில் வராது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முதல் களப்பணி அன்று ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கரையின் கடல் பக்கத்துப் படிகளில் இறங்கினேன். கடைசிப் படி வரை வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் போய்விட்டுத் திரும்பி வரும்வரை ஆடுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

இங்கிரிட் அம்மையார் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டார். சின்னம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னார், "உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. இன்னும் ஒரு களப்பணிதான் பாக்கி."

அம்மாவுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டு நம்பர்தான், கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"இன்னாடி, குரல் ஒரு மாதிரி கீது? சாப்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னாள், "நீ பொட்டியக் கட்டிக்கினு வூட்டுக்கு வந்துடு கண்ணு. கடலாண்ட போவாத. படிப்பும் வோணாம், ஒண்ணும் வோணாம். எனக்கு நீ ஒருத்திதான் கீற."

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்குத் தாங்கவில்லை. அம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். நான் ரயில் சத்தத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் இப்படியே கிடக்க வேண்டியதுதானா? இங்கிருந்தும் ஓடிப்போனால் இனி ஆயுசுக்கும் ஓட்டம்தான் என்று தெரிந்தது.

அன்று ஜன்னலில் இருந்த அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். சூடம் ஏற்றவில்லை, பட்டது போதும். "தாயே, இந்தப் பயத்தை எடுத்துக்கோ. வேறு எதுவும் கேட்கவில்லை. இதை மட்டும் எடுத்துக்கோ" என்று வேண்டினேன். ஒரு வாரம் காலையும் மாலையும் அதையே வேண்டினேன். தினம் கரையில் ஏறிப் பார்ப்பேன். வெறும் சேற்றைப் பார்த்ததும் அதே நடுக்கம். ஒரு துளி குறையவில்லை.

கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. களப்பணிக்கு முந்தின நாள், படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு திட்டினேன். "சரி, எடுத்துக்காதே. உனக்கு மனசு வரவில்லை. பயம் போகாது என்றால் போகட்டும், வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் நாளைக்கு இறங்கப் போகிறேன். நீயும் கூட வா. அன்றைக்கு மாதிரி மண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளாதே. கூடவே வா."

சாமியை இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். பெற்ற தாயிடம் வேறு எப்படிப் பேசுவது?

மறுநாள் காலையில் இங்கிரிட் அம்மையாரிடம் போய், நானும் வருகிறேன், ஆனால் குனிந்து மண் எடுக்க என்னால் முடியாது, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் அதுவே உன் வேலை. நீ மண் எடுக்க வேண்டாம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நில்" என்றார். அங்கே அப்படி ஒரு வேலையே கிடையாது. கடல் எப்போது போகும், எப்போது வரும் என்று நிமிஷக் கணக்காக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் அந்த வேலையைக் கொடுத்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பரவாயில்ல கங்கா, ஜெர்மனி வரைக்கும் வந்து வாட்ச்மேன் வேலை" என்றான் பிரகாஷ்.

"போடா, தயிர்சாதம்" என்றேன். அந்த வாயாடலில்தான் கடைசிப் படியைத் தாண்டினேன்.

படிக்குக் கீழே குழிவான இடத்தில் கொஞ்சம் கடல் தண்ணீர் தேங்கி நின்றது. நம் வழக்கப்படி குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இந்த மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதே உப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் கடகடவென்று ஆடியது. ஆடட்டும் என்று நடந்தேன்.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் குறுக்கே ஒரு ஓடை. கடல் போனபிறகு சேற்றிலிருந்து வடியும் தண்ணீர் அதில் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் ஆழம்தான். தாண்டி அந்தப் பக்கம் வெகுதூரம் போனோம். எல்லோரும் சிறிய குழாய்களைச் சேற்றில் இறக்கி மண் எடுக்க ஆரம்பித்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. அன்று காற்று ரொம்ப பலமாக இருந்தது. காலையில் ஒரு பக்கமிருந்து அடித்தது, பிறகு கடல் பக்கமிருந்து அடிக்க ஆரம்பித்தது. கடலோ எங்கேயோ தூரத்தில் கோடு மாதிரி தெரிந்தது. தண்ணீர் திரும்ப இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்றார்கள்.

நான் மட்டும் நின்றேன். எல்லோரும் அவ்வப்போது தலையைத் தூக்கினாலும் தூரத்துக் கடலைத்தான் பார்த்தார்கள். எனக்கு முன்னாலும் பயம், பின்னாலும் பயம். அதனால் திரும்பித் திரும்பிக் கரைப் பக்கத்து ஓடையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடையில் நுரைத் திட்டுகள் மிதந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது நுரை நின்றிருந்தது. அடுத்த முறை பார்த்தபோது அது கரையை நோக்கிப் போனது.

ஒரு கணம் எனக்கு என் கண்மேலேயே நம்பிக்கை இல்லை. பயந்தவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாகத் தெரிகிறதோ என்று நினைத்தேன். மறுபடியும் கத்தி, மறுபடியும் ஒன்றுமில்லை என்றால்? அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை தாங்க முடியுமா? மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு "தாயே" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. சின்னம்மாவின் சிரிப்பு காதில் கேட்டது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அடித் தொண்டையிலிருந்து கத்தினேன்.

"ஓடு!"

இங்கிலீஷில் விளக்கிச் சொல்லியிருந்தால் என்ன, ஏன், எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள். காற்றில் பாதி கேட்டும் இருக்காது. ஆனால் அந்த ஒரு வார்த்தை அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. என்னைக் கேலி செய்யக் கற்றுக்கொண்ட வார்த்தை. ஆறு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. என் கை காட்டிய பக்கம் பார்த்தார்கள். ஓடை இரண்டு மடங்கு அகலமாகிவிட்டிருந்தது. இங்கிரிட் அம்மையாரின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவரும் கத்தினார், ஜெர்மனில் இல்லை, தமிழில். "ஓடு! ஓடு!"

குழாய், பெட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். சேற்றில் ஓடுவது லேசான காரியம் இல்லை. ஓடைக்கு வந்தபோது கணுக்கால் தண்ணீர் தொடை ஆழம் ஆகியிருந்தது. பனிக்கட்டி மாதிரி குளிர். ஒவ்வொருவராகக் கையைக் கோர்த்துக்கொண்டு இறங்கினார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு ஆள் குறைந்தது. திரும்பினேன். ஹான்னாவின் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை உருவ முடியாமல் உட்கார்ந்து, பயத்தில் அப்படியே உறைந்துபோய் இருந்தாள்.

எனக்கும் கடலுக்கும் நடுவில் ஹான்னா. கரை என் பின்னால். என் ஜென்மத்தில் கடலை விட்டு ஓடியிருக்கிறேனே தவிர, கடலைப் பார்த்து ஓடியதில்லை. அன்று ஓடினேன். யார் என்னை ஓட வைத்தாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பூட்ஸ விடுடி!" என்று தமிழிலேயே கத்தினேன். அவள் அசையவில்லை. கையைக் கொடு என்று கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. அவள் மழைக்கோட்டின் பின்னால் தொங்கிய தொப்பியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். பூட்ஸ் சேற்றிலேயே நின்றது, ஹான்னா வெளியே வந்தாள். அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினேன். என் அம்மா அன்றைக்கு ஏன் கையைப் பிடிக்காமல் சடையைப் பிடித்தாள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கைக்கு எட்டியதைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடை எங்களுக்கு இடுப்பளவு வந்துவிட்டது. இழுப்பு பலமாக இருந்தது. அந்தக் கரையில் பிரகாஷும் மற்றவர்களும் கைகோர்த்துச் சங்கிலி மாதிரி நின்றார்கள். மீனைத் தொடாத அந்தத் தயிர்சாதம் இடுப்பளவு தண்ணீரில் முன்னால் நின்று என் கையைப் பிடித்தான். "விடாதே கங்கா, விடாதே கங்கா" என்று அழுதுகொண்டே சொன்னான். ஏறிவிட்டோம்.

கரைமேல் போய்த் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நின்ற இடம் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் எங்கள் மண் பெட்டி மிதந்து வந்தது. காற்று திரும்பியதால் கடல் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டது, அதுவும் முன்பக்கம் வராமல் ஓடை வழியாக முதலில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது என்று பிறகு இங்கிரிட் அம்மையார் விளக்கினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஓடையைத் தாண்டியிருக்க முடியாது என்றார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஹான்னா, ஒற்றைக் காலில் பூட்ஸோடு நின்றபடி, பல் கிட்டிக்கொண்டே, "நன்றி, ஓடு" என்றாள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அன்று மாலை அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பயத்தை எடுத்துக்கோ என்று ஒரு வாரம் கெஞ்சினேனே. அவள் எடுத்திருந்தால்? நானும் நிம்மதியாகக் குனிந்து மண் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த ஓடையை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? என் பயத்தை அவள் எடுக்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தாள். எனக்கு எதிரில் இல்லை, என் பக்கத்தில்தான் இத்தனை நாளும் நின்றிருந்தாள். தாயே, உன்னைத் திட்டின வாயால் உன்னைப் புகழ்கிறேன்.

பருவத்தை நல்லபடியாக முடித்தேன். களப்பணியும் கணக்கில் வந்தது. இப்போது சென்னையில் கடற்கரைப் பணிகளைத் திட்டமிடும் ஒரு அலுவலகத்தில் வேலை. வாரத்தில் பாதி நாள் கடலோரத்தில்தான் நிற்கிறேன். முழங்கால் இன்னும் ஆடுகிறது. ஆடட்டும்.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஹான்னா போனில் பேசினாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் இப்போது சேற்றுவெளிக்கு யார் போனாலும், ஒருவர் மண் எடுக்காமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். இங்கிரிட் அம்மையார் வழக்கமாக்கிவிட்டார். அந்த ஆளுக்கு அங்கே பெயர் 'கங்கா'. இறங்குவதற்கு முன்னால், "இன்று யார் கங்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்களாம். ஹான்னா அது என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. கூடவே வா என்றுதான் கூப்பிட்டேன். வந்தவள் அங்கேயே தங்கி, அந்தக் கடலையும் பார்த்துக்கொள்கிறாள்.

இனி அம்மாவின் கதை. இந்த ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா. காலையில் பெண்கள் எல்லோரும் குடத்தோடு கடலுக்குப் போய் அம்மனுக்குத் தண்ணீர் எடுத்து வருவோம் அல்லவா, சுனாமிக்குப் பிறகு அதற்கு அம்மா வந்ததே இல்லை. நான் குடத்தைத் தேய்த்து அம்மா முன்னால் வைத்தேன்.

"எனக்குப் பயமா கீதுடி" என்றாள் அம்மா. இத்தனை வருஷத்தில் கோபம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். பயம் என்று அன்றுதான் சொன்னாள்.

"பயந்துகினே வாம்மா. நானும் பயந்துகினுதான் போறேன்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். என் சடையைப் பிடித்துக்கொண்டாள், சத்தியமாக, சின்னப் பிள்ளை மாதிரி. அப்படியே நடந்து வந்தாள். மணல் வந்ததும் நின்றாள். ஈர மணல் வந்ததும் இன்னொரு முறை நின்றாள். அலை காலை நனைத்தபோது குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏன்டி இப்டி பண்ண?" என்றாள். சின்னம்மாவைக் கேட்டாளா, அம்மனைக் கேட்டாளா, கடலைக் கேட்டாளா தெரியாது. யாரைக் கேட்டிருந்தாலும், பேசிவிட்டாள். நின்றிருந்த பெண்கள் எல்லோரும் அழுதோம்.

பிறகு நான் குடத்தை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு எட்டு எடுத்து வைத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கடலை நேராகப் பார்த்து நின்றாள்.

"நீங்க மொள்ளுங்கடி. நான் பார்த்துக்கினு கீறேன்."

அன்பர்களே, உங்களிடமும் ஏதாவது ஒரு பயம் இருக்கும். அது போன பிறகுதான் அவளிடம் வருவேன் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே வாருங்கள், சண்டை போடுவதென்றால் சண்டை போட்டுக்கொண்டே வாருங்கள். கும்பாபிஷேகத்துக்குக் கடலில் தீர்த்தம் எடுக்கும் காலை எல்லோரும் குடத்தோடு வந்துவிடுங்கள். கரையில் ஒருத்தி குடமில்லாமல், கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றுகொண்டிருப்பாள். அது என் அம்மா அஞ்சலை. அவள் நிற்கும்வரை தைரியமாக இறங்கி மொள்ளுங்கள். அவள் "ஓடு" என்றால் மட்டும், ஏன் என்று கேட்காமல் ஓடிவிடுங்கள்.